ஆஜர் ஹவில்தார் கொடுத்த லீவு

தகரக் குவளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதற்குப் பதிலும் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் ஆஜர் ஹவில்தார் ஒருவர்தான். எண்பதுகளில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், சண்டைக்காலத்தில் பட்டாளத்துச் சாமான் அடுக்கக் கட்டிய கொட்டகையில் மியூசியம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து போருக்குப் போனவர்களின் தொப்பி, பூட்ஸ், பெல்ட் எல்லாம் பலகையில் வரிசையாக இருக்கும்.

திறந்ததும் ஆஜர் எடுப்பார். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் நின்று சொந்தக்காரர் பேரை உரக்கக் கூப்பிடுவார். அவருக்காகத் தானே "ஆஜர்" என்பார். பார்க்க வந்தவர்களும் விறைப்பாக நிற்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கிய பாலக்கோட்டுத் தக்காளிக்காரர் ஒருவர், காலிக் கூடையோடு அட்டென்ஷனில் நின்று இரண்டு பஸ்ஸைக் கோட்டைவிட்டார். பீடி பற்றவைத்ததற்குக் கொட்டகையைச் சுற்றி ஓட்டம் வேறு.

அம்மா பாட்டி வயிற்றில் இருக்கும்போதே பர்மா சண்டைக்குப் போன தாத்தா திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. தன் அப்பா பேரை அங்கே ஒரு தடவையாவது கூப்பிட்டுக் கேட்க வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. மாரண்டஹள்ளியிலிருந்து கூட்டிப்போனேன். சாமான் இல்லாமல் பேர் கூப்பிட முடியாது, உள்ளே வந்த சாமான் வெளியே போகாது என்று சொல்லிவிட்டார் ஹவில்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ் ஏறும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

தாத்தா கடைசி லீவில் வந்தபோது விட்டுப்போனது ஒரே ஒரு பட்டாளத்துச் சாப்பாட்டு டப்பா. அதில்தான் அம்மா தினமும் உலைக்கு அரிசி அளப்பாள். அடுத்த வாரம் நான் தடுத்தும் கேளாமல் அதை முந்தானையில் சுற்றி எடுத்துப்போனாள்.

ஹவில்தார் அதைப் பலகையில் வைக்கச் சொல்லி, "சவரிமுத்து!" என்று தாத்தா பேரைக் கூப்பிட்டார். பதில் சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஆஜருங்க" என்றாள். சொன்னவள் டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை அவளால்.

ஹவில்தார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த ஆளு வூட்டுக்கு வந்து எத்தினி வருசமாச்சு?"

"நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"அப்பன்னா லீவு நெறைய பாக்கி கெடக்குது. கூட்டிக்கிட்டுப் போம்மா."

சீட்டு எழுதி, முத்திரை குத்தி, டப்பாவை அம்மாவிடமே கொடுத்தார். ஒரு மாத லீவு. மாதம் முடிந்ததும் அவரே பஸ் ஏறி வந்து, காப்பி குடித்து, லீவை நீட்டித்துவிட்டுப் போவார். சாகும்வரை ஒரு மாதம் தவறவில்லை. நான் திட்டியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கல்லறைத் திருநாளில் அம்மா அவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். அவர் நம்ம கோயில்காரர் இல்லையே என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும்டா. எங்கப்பாவ வூட்டுக்கு அனுப்பி வெச்ச மனுசன்" என்றாள்.