நூறு ஜி.பி. ஒதுக்கீட்டுத் தீர்மானம்

உலகத்தில் இதுவரை நடந்த பாகப்பிரிவினைகளிலேயே அடிதடி, வழக்கு எதுவும் இல்லாமல் நடந்தேறியது எங்கள் அலுவலகத்து ஹார்டு டிஸ்கின் பாகப்பிரிவினை ஒன்றுதான். தலைமை எழுத்தர் என்ற முறையில் அதை அருகிலிருந்து தரிசித்தவன் நான்.

செவிலியர்களின் இடமாறுதல் விண்ணப்பங்களைக் கவனிப்பது எங்கள் அலுவலகம். நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களும் ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தன. 'காகிதமில்லா முன்னோடி அலுவலகம்' என்பதால் காகிதங்களைப் போன வருடமே எடைக்குப் போட்டுவிட்டோம்.

மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இரண்டாவதாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எதற்கு என்று அதில் இல்லை. கேட்கும் பழக்கம் எங்களுக்கும் இல்லை. அதிகாரி உடனே கூட்டம் போட்டார்.

"டிஸ்க் முழுக்க இப்ப ஒரே பார்ட்டிஷன், அதாவது ஒரே பாகம், சார்" என்று விளக்கினார் கம்ப்யூட்டர் மெக்கானிக். "அதைச் சுருக்கி நூறு ஜி.பி. ஒதுக்கினாத்தான் புது சிஸ்டத்தைப் போட முடியும்."

"இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள நூறா?" அதிகாரி அதிர்ந்துபோனார். "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எனக்கு ஒரு டிராயர்தான்யா குடுத்தாங்க. அம்பது குடு. வேலையைப் பார்த்துட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்."

இரண்டு மணி நேரம் பேரம் நடந்தது. 'இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது' என்ற நிபந்தனையுடன் நூறு நிறைவேறியது.

"சுருக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துடணும், சார். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா அவ்வளவுதான்."

"அலுவலக ஆவணம் வெளிய போகக் கூடாதுன்னு விதி இருக்கே! இதே டிஸ்க்லயே எடுத்து வையி."

"அதுக்குப் பேரு காப்பியே இல்ல, சார்."

"பீரோவுக்கு உள்ளேயே லாக்கர் வைக்கிறாங்களே, அவங்க எல்லாம் முட்டாளா?"

அதே டிஸ்கில் 'பாதுகாப்பு' என்றொரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்தோம். பகல் இரண்டு மணிக்குச் சுருக்கும் வேலை தொடங்கியது.

மூன்று மணிக்கு ஒரு செவிலியம்மா வந்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நான்கு வருடக் காத்திருப்பு. ஏழு வயது மகள் பாட்டி வீட்டில் வளர்கிறாள். அம்மா அவளைப் பார்ப்பதானால் ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

"உங்க ஆர்டர் ரெடிம்மா. இன்னைக்கு மெஷின்ல வேலை நடக்குது. நாளைக்குக் காலையில பிரிண்ட் எடுத்துடலாம்" என்றேன்.

"நெஜமாவா, சார்? பொண்ணுகிட்ட போன்ல சொல்லிடட்டுமா?"

"அட, தாராளமா சொல்லுங்க. நான் இருக்கேன்ல!"

ஐந்து மணி ஆயிற்று. மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தார். திரையில் எண்பத்தொரு சதவீதம் என்றும், அதன் கீழே 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்றும் இருந்தது. படித்துப் பார்த்தேன். கையொப்பம் இல்லை, தேதி இல்லை, கடித எண் இல்லை. அப்படிப்பட்ட உத்தரவுக்குக் கட்டுப்பட நான் நேற்று வேலைக்கு வந்தவன் அல்ல. ஐந்தானால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது முறைப்படி கையொப்பமிட்ட உத்தரவு. அணைத்தேன்.

மறுநாள் காலை மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் போச்சு, சார். அந்தப் 'பாதுகாப்பு'ம் சேர்ந்து போச்சு. இனிமே எடுக்கவே முடியாது."

அதிகாரி கலங்கவில்லை. டிஸ்க் முழுவதும் காலி என்பதால் இரண்டு சிஸ்டங்களையும் தாராளமாக இடம் விட்டுப் போடச் சொன்னார். சுற்றறிக்கை நிறைவேறியது. கூடவே மாதாந்தர அறிக்கையும் போயிற்று. நிலுவை விண்ணப்பங்கள்: இல்லை.

பதினோரு மணிக்குத் தலைமையகத்திலிருந்து போன். ஒரே மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நிலுவைகளைக் குறைத்த அலுவலகம் வேறெங்குமே இல்லையாம். பாராட்டுச் சான்றிதழ் உண்டு, உழைத்தவர்களின் பெயர்களை உடனே அனுப்புங்கள் என்றார்கள்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது செவிலியம்மா எதிரே வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இன்னைக்கே புதுசா ஒரு விண்ணப்பம் போட்டுடுங்கம்மா" என்றேன். "பட்டியல்ல முதல் பேரு உங்களுதாத்தான் இருக்கும். என்ன, மூணு வருஷம் நிலுவையில இருந்தாத்தான் பரிசீலனைக்கு எடுப்பாங்க."

"அப்ப என் பொண்ணுக்குப் பத்து வயசு ஆயிடும், சார்."

நான் தலையைக் குனிந்து எழுதினேன். அவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் லிஸ்ட் இது?"

"நிலுவையைக் குறைச்சவங்க பேரும்மா. பாராட்டு வருது."

"அப்ப எங்க பேரையும் போட்டுக்குங்க, சார். குறைஞ்சது நாங்கதானே?"