ஒரு வைக்கோல் போரும் மூன்று கொட்டேஷனும்

விதியை மீறி மாட்டிக்கொண்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். விதியை வரிக்கு வரி கடைப்பிடித்து, அதனாலேயே தாசில்தார் முன்னால் போய் நின்றவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. குடவாசலில் பிறந்து, கும்பகோணத்தில் பி.காம். முடித்து, சென்னைக்கு வெளியே ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு கம்பெனியில் கொள்முதல் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பீங்கான் விளக்குகள் செய்து கப்பலில் அனுப்பும் கம்பெனி. மண்டலத்துக்கு வரிச்சலுகை உண்டு. அதனால் தனிச் சட்டமும் உண்டு. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே வெளிநாடு, வெளியே இந்தியா. டீக்கடை இந்தியாவில் இருந்தது. (தினமும் நாலு மணிக்கு எல்லை தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வருவோம்.)

வெளியிலிருந்து என்ன வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும். குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். கொட்டேஷன் படிவத்தின் கடைசியில் 'பொருள் உருவான இடமும் விதமும்' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் அதில் 'இந்தியா' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் விடமாட்டேன். குண்டூசி விற்க வந்தவரை உட்காரவைத்து, இரும்பு எந்த ஊர் என்று கேட்டவள் நான். அவர் அப்புறம் எங்கள் கம்பெனிப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார்.

"நீ தஞ்சாவூர்ப் பக்கம்தானேம்மா? விளக்கு பேக் பண்ண வைக்கோல் வேணும். நீளமா, உடையாம இருக்கணும். கிடைக்குமா?"

"சார், எங்க ஊர்ல கிடைக்கலைன்னா வேற எங்கயுமே கிடைக்காது சார்," என்றேன்.

சொன்ன பிறகுதான் ஊருக்குப் போனேன். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம், விளைச்சல் அரைகுறை. இருந்த வைக்கோலையும் கேரள வியாபாரிகள் லாரி லாரியாக ஏற்றிப் போயிருந்தார்கள். அப்பா விசாரித்து வந்து, குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராமலிங்கம் என்ற நிலச்சுவான்தாரிடம் பெரிய போர் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

ராமலிங்கம் ஐயா என்னைத் தன் அம்பாசிடர் காரிலேயே அழைத்துப் போனார். ரோட்டில் காரை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, களத்தில் இருந்த போரைக் காட்டினார். காலை வெயிலில் பொன் மாதிரி இருந்தது.

"விலை கெடக்குதும்மா, நீயே ஒரு விலை போட்டுக்க. ஆனா ஆர்டர் என் பேருக்கு வரணும். கம்பெனி லெட்டர்ல, சீல் வச்சு. 'உங்கள் நிலத்தில் விளைந்த வைக்கோல்'னு தெளிவா இருக்கணும்."

இவ்வளவு ஒழுங்கான மனிதரா என்று நெகிழ்ந்துபோனேன். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "சொந்த நிலம்" என்றார். அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து ஒரு பெண் வைக்கோல் வாங்க வந்திருக்கிறாள் என்ற செய்தி அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மத்தியானம் செல்லம்மா என்ற அம்மாள் வீடு தேடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து இரண்டு வருஷமாகத் தனியாகக் குத்தகைச் சாகுபடி செய்கிறவர்.

"எங்கிட்டயும் போரு இருக்கு, பாப்பா. வந்து பாரு."

வாய்க்கால் கரை வழியாக, வரப்பின் மேல், இரண்டு இடத்தில் தண்ணீரில் இறங்கி ஏறி நடந்தோம். (எனக்குச் சென்னைச் செருப்பு. ஒன்று இன்னும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.) உச்சி வெயிலில் அந்தப் போர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

செல்லம்மா அக்காவுக்கு எழுத வராது. அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் நிறுத்தவே இல்லை.

"பொன்னி நட்டேன். மொத நாத்து தண்ணி வராம காஞ்சி போச்சி. தாலிச்செயின வச்சி ரெண்டாந் தடவ விதை வாங்கி விட்டேன். கீழண்ட மூலைல ஒரு குழி உப்புப் பூத்திருக்கும், அதுல வெளஞ்ச வைக்கோலு மட்டும் கட்டையா இருக்கும். அத அடியில போட்டிருக்கேன். எழுதிக்க. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லப்புடாது."

கட்டம் நிரம்பி, படிவத்தின் பின்பக்கமும் நிரம்பியது. ஒரு வரி விடாமல் எழுதினேன். இப்படி ஒரு கொட்டேஷனுக்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன்.

சாயங்காலம் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் தங்கராசு சைக்கிளில் வந்தார். "தங்கச்சி, சங்கத்துப் பொறுப்புலயும் ஒரு போர் இருக்கு" என்றார். தெருவுக்குள் புகுந்து, மாட்டுக்கொட்டகை ஒன்றின் பின்புறமாகக் கூட்டிப்போனார். அந்தி வெளிச்சத்தில் போர் செக்கச்செவேல் என்று இருந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் அவரே எழுதினார்: 'உழைப்பு'.

அன்றைக்கே உட்கார்ந்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். தரம் என்ற இடத்தில் ராமலிங்கம் ஐயாவின் வைக்கோலுக்கு 'நன்று', செல்லம்மா அக்காவினுடையதற்கு 'சுமார்', சங்கத்தினுடையதற்கு 'மிக நன்று'. இதை இன்று எழுதும்போதும் காது சுடுகிறது. விலையில் ராமலிங்கம் ஐயாதான் குறைவு. மானேஜருக்குத் தபாலில் அனுப்பினேன். ஆர்டர் சீலோடு வந்தது. ஐயா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லாரியோடு களத்துக்குப் போன அன்று, போருக்கு முன்னால் செல்லம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் தங்கராசு, இருபது ஆட்கள், ஒரு சிவப்புக் கொடி.

"அக்கா, உங்க போரு அந்தப் பக்கம்ல," என்றேன்.

"எந்தப் பக்கம், பாப்பா?"

சுற்றிப் பார்த்தேன். வாய்க்கால் இருந்தது. ரோடு இருந்தது. மாட்டுக்கொட்டகை இருந்தது. என் ஒற்றைச் செருப்புகூடத் தெரிந்தது. போர் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "மேடம், மூணு பேருகிட்ட கேட்டேன்னீங்களே," என்றான்.

தங்கராசுதான் விளக்கினார். நிலம் ராமலிங்கம் ஐயாவுடையது. உழுவது செல்லம்மாவின் குடும்பம். உழுகிறவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது அரசாங்கத்தின் சட்டம். கணவன் செத்ததோடு குத்தகை முடிந்தது, இப்போது தானே சாகுபடி செய்கிறேன் என்கிறார் ஐயா. தாசில்தாரிடம் வழக்கு. முடிகிறவரை போருக்குச் சங்கம் காவல். (ஐயா வீட்டிலும் செல்லம்மா அக்கா வீட்டிலும் ஒரே கட்சித் தலைவரின் படம் மாட்டியிருந்தது. தலைவர் இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருந்தார்.)

"அப்ப நீங்க எதுக்கு அண்ணே விலை சொன்னீங்க?"

"அவரு வித்துட்டா அவரு வெவசாயின்னு ஆயிரும். அதான் நாங்களும் சொன்னோம். நீ மூணு பேரையும் எழுதிக்கிட்டே போன. நாங்க என்ன பண்றது?"

செல்லம்மா அக்கா என்னைத் திட்டவில்லை. "லெட்டரு குடுத்துட்டியாமே பாப்பா," என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் லாரியைப் பார்த்தேன். ஐயா ஏன் ஆர்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வைக்கோலைக்கூட ஏற்றாமல் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காலி செய்ய வழி பண்ணியிருந்தேன்.

எதிர்பார்த்தபடியே ஐயா அந்த ஆர்டரைத் தாசில்தாரிடம் கொடுத்தார். எனக்குச் சம்மன் வந்தது. அப்பா துணைக்கு வந்தார்.

தாசில்தார் அமைதியான மனிதர். ஆர்டரைப் படித்துவிட்டு, "இது நீங்க கொடுத்ததுதானா?" என்றார்.

"ஆமாம் சார். ஆனா ஆர்டரைத் தனியா காட்டக்கூடாது சார். கொட்டேஷன் மூணும், ஒப்பீட்டுப் பட்டியலும் சேர்ந்தாத்தான் அது முழு ஃபைல். எங்க மண்டலத்து விதி."

ஃபைல் கட்டைத் தூக்கி மேஜையில் வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தாசில்தார் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தார். 'நன்று, சுமார், மிக நன்று' என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு செல்லம்மா அக்காவின் கொட்டேஷனை எடுத்து, முன்பக்கம் முடித்து, பின்பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்தார்.

"ஐயா, இந்த வருஷம் உங்க வயல்ல என்ன நெல்லு?" என்று ராமலிங்கம் ஐயாவைக் கேட்டார்.

"நெல்லுதாங்க. சம்பா நெல்லு."

"என்ன ரகம்?"

ஐயா தன் கணக்கப்பிள்ளையைத் தேடித் திரும்பினார். அவர் வரவில்லை.

"எத்தனை தடவை நாத்து விட்டீங்க?"

"ஒரு தடவைதாங்க விடுவாங்க."

"உப்பு எந்த மூலைல?"

ஐயா மறுபடியும் வாசல் பக்கம் திரும்பினார். தாசில்தார் மறுநாளே கிராமத்துக்கு நேரில் வந்து, கீழண்ட மூலையைப் பார்த்து, போரின் அடியில் கையை விட்டு ஒரு பிடி கட்டை வைக்கோலை உருவியெடுத்தார். அடுத்த மாதம் பதிவேட்டில் செல்லம்மா அக்காவின் பெயர் ஏறியது.

கம்பெனியில் எனக்கு ஒரு மெமோ வந்தது. ஒரே பொருளுக்கு மூன்று உரிமையாளர்களிடம் விலை கேட்டு, ஒரே பொருளுக்கு மூன்று தரம் போட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மெமோவில் இன்னொன்றும் இருந்தது: வைக்கோலோடு பூச்சி வரும் என்று, வைக்கோல் சுற்றிய பெட்டியை விளக்குகள் போய்ச்சேரும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கவே விடமாட்டார்களாம். மொத்த விதிப் புத்தகத்திலும் நான் படிக்காமல் விட்ட ஒரே பக்கத்தில் அது இருந்தது. விளக்குகள் கடைசியில் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு கப்பலேறின.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதை வாங்கினாலும் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வீடு வாங்கும்போது அந்த அடுக்குமாடியை மூன்று தெரு வழியாகப் போய்ப் பார்த்தேன். பில்டர் குழம்பிப்போய் என் கணவரிடம் காரணம் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்," என்றார் அவர், "மூணு பக்கமும் ஒரே பில்டிங்தானான்னு பாக்கறா."