மில்லிமீட்டர் கட்டிக் கொடுத்த சைக்கிள்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் வசிக்கிற ஒவ்வொருவருடைய முழங்காலையும் தெரிந்து வைத்திருந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது மில்லிமீட்டர்தான். முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கல்யாண மண்டபத்தில் எதிரே போய் நின்று, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டால் பரிதாபமாக விழிப்பார். நாம் நாலடி நடந்து காட்ட வேண்டும். "அட, எண்பத்தி ரெண்டு சென்டிமீட்டர் சாரா! எடது கால வெளிய வீசி நடப்பீங்களே! நல்லா கீறீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகத் தரம் பார்க்கிற வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒதுக்கி வைத்துவிடுவார். அங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் தோசை வட்டமாக இல்லை என்று ஒதுக்கி வைத்த அன்றைக்கு மதியச் சாப்பாடும் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் பம்மலில் ஒரு கிரில் கேட் பட்டறையின் மூலையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு அளவெடுத்து சைக்கிள் கட்ட ஆரம்பித்தார்.

எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்றெல்லாம் முதலில் கேட்கமாட்டார். "எங்க ஓட்டுவீங்க? எப்டி ஓட்டுவீங்க?" இந்த இரண்டுதான். ஒருநாள் ஐ.டி. கம்பெனி இளைஞர் ஒருவர் உடம்போடு ஒட்டிய பனியனில் வந்து இறங்கினார்.

"எனக்கு ஒரு கிராவல் பைக் வேணும் அண்ணா. தார் ரோடு இல்லாத இடத்துல, சரளைக்கல் மேல ஓட்டுறதுக்கு."

"சார் வூடு எங்க?"

"மாடம்பாக்கம்."

"பைப்புக்காகத் தோண்டி மூடாத தெருவா?"

"ஆமாம்."

"அப்ப கிராவல்லதான் சார் குடியிருக்கீங்க. இத்த வாயத் தொறந்து வேற கேக்கணுமா?"

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பொய் சொல்லப் போனேன்.

என்னிடம் அப்போது ஒரு பந்தய சைக்கிள் இருந்தது. ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். மேடவாக்கம் பக்கம் ஒருநாள் காலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ் காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. பதறிப்போய் ஒதுங்கினேன். தார் முடிந்து மண் தொடங்குகிற அந்த ஒரு சாண் இறக்கத்தில் சக்கரம் வழுக்கி, தோள்பட்டை எலும்பு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் சைக்கிளைத் தொட்டாலே உள்ளங்கை வியர்த்தது. ஆறு மாதம் என் மனைவி அதன்மேல் துண்டு உலர்த்தினாள். ஐம்பத்து மூன்று வயசில் பயமாயிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? கழுத்துவலி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். இன்னொரு முறை முயன்று பார்ப்பது, முடியாவிட்டால் சைக்கிளையே தலைமுழுகிவிடுவது என்று மனதுக்குள் தீர்மானம்.

"கழுத்துவலி அண்ணா. நேரான ஹேண்டில் வெச்சு ஒரு கிராவல் பைக் வேணும். வாரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவேன். மலையெல்லாம் ஏறுவேன்" என்றேன்.

மில்லிமீட்டர் என் முழங்காலைப் பார்த்தார். "பத்து நாளு பழைய வண்டிய ஓட்டுங்க சார். நான் பின்னால வரேன்."

பத்து நாளும் வந்தார். மொபெட்டில், இருபதடி இடைவெளியில், சட்டைப்பையில் நோட்டோடு. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நான் நின்றால் நிற்பார், நகர்ந்தால் நகர்வார். எதிர்வீட்டுக்காரர் என் மனைவியிடம் ரகசியமாக, "சார் மேல ஏதாவது விசாரணை நடக்குதா மேடம்?" என்று கேட்டாராம். "சைக்கிள் தைக்க அளவெடுக்கிறாங்க" என்று அவள் சொன்னதில் அவருடைய சந்தேகம் அதிகமானது.

பதினோராம் நாள் பட்டறையில் நோட்டைப் பிரித்தார்.

"இருநூறு கிலோமீட்டர்னு சொன்னீங்க. பத்து நாளுக்கும் சேத்து இருபத்தாறு. மலைன்னு ஏறினது டீக்கடைப் படிக்கட்டு ஒண்ணுதான். அத்த வுடுங்க. ஹாரன் கேட்டா வலது தோளு காதாண்ட போவுது. காலு பெடல வுட்டுட்டு தரையத் தேடுது. தார் ஓரம் வந்தா மூச்சு நின்னுடுது. உங்களுக்குக் கழுத்துவலி இல்ல சார்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சைக்கிள் கட்டச் சொன்னா ஜோசியம் பாக்கறீங்களா? எனக்கென்ன பயமா?"

"இருந்தா இருக்கட்டுமே சார்," என்றார், வெகு சாதாரணமாக. "கை நீளம், கால் நீளம் மாதிரி அதுவும் ஒரு அளவு. மறைச்சா சைக்கிள் தப்பாப்பூடும். அப்பால எனக்குத்தான் பேஜார்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம்கூடச் சொல்லாததை. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. "ஹாரன் எந்தக் காதுல கேட்டுச்சு? எத்தினி அடி தள்ளி?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த இரண்டு மாதம் கூத்துதான். கால் சட்டென்று தரையில் ஊன்றும்படி தாழ்ந்த இரும்புச் சட்டம் கட்டினார். மண்ணில் இறங்கினாலும் வழுக்காத தடித்த டயர். நேரான ஹேண்டிலை வேண்டுமென்றே அகலமாக வைத்து, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு வரை என்னை ஓட்டிவிட்டு வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் துளித்துளியாக அறுத்தார். உடம்பை வளைக்காமல் தலையை மட்டும் திருப்பி நான் பின்னால் பார்த்த அன்றுதான் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

பிறகு திருநீர்மலை ரோட்டில் சோதனை. தார் ஓரத்திலிருந்து மண்ணில் இறங்கு, மறுபடி ஏறு, நாற்பது தடவை. அது போதாதென்று ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம், "சார் பின்னாலயே ஹாரன் அடிச்சுகினே வா நைனா" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் புண்ணியவான் பயணிகளோடு வந்து அடித்தார். முதல் ஹாரனுக்கு நான் இறங்கி நின்றேவிட்டேன். ஐந்தாவதற்குத் தோள் மட்டும் தூக்கியது. ஆட்டோவில் மீன்கூடையோடு இருந்த அக்கா பொறுமையிழந்து தலையை வெளியே நீட்டி, "இன்னாத்துக்கு சார் பயப்படறே? நாங்கோதான் வர்றோம், வேற யாரு? மிதி!" என்று கத்தினார். மிதித்தேன்.

சைக்கிளை ஒப்படைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை: மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். போவேன். "டீ வாங்கிகினு வாங்க சார்" என்று அனுப்புவார். திரும்பும்போது துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் சர்வீஸ்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. திருநீர்மலை அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் என் ஹேண்டிலைக் காட்டினார்.

"அங்கிள், வளையம் எல்லாத்தையும் மேல போட்டிருக்கீங்களே? அந்த டியூப் சும்மாதான நீட்டிட்டிருக்கு. அறுத்துடலாமே?"

முன்சக்கரத்திலிருந்து மேலே வரும் டியூபில், ஹேண்டிலுக்குக் கீழே அலுமினிய வளையங்களை அடுக்கினால் ஹேண்டில் உயரும். நாம் நிமிர்ந்து உட்காரலாம். அவற்றை எடுத்து மேலே மாட்டினால் ஹேண்டில் இறங்கும். நாம் குனிந்து வேகமாக ஓட்டலாம். வாங்கும்போது எட்டு வளையமும் கீழே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது எட்டும் மேலே. அன்று காலை மட்டும் முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். வழியில் எத்தனை பஸ் ஹாரன் அடித்தது என்று யோசித்தேன். ஒன்றுகூட நினைவில்லை.

நேரே பம்மலுக்கு விட்டேன்.

"அண்ணா, நீங்கதான மாத்தினீங்க?"

"மாசத்துக்கு ஒண்ணு," என்றார், யாரோ ஒருவருடைய சட்டத்தை ராவிக்கொண்டே. "நீங்க வரும்போது தோளப் பாப்பேன். எறங்கியிருந்தா ஒரு வளையம் மேல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பயந்துக்குவீங்க சார்."

ஹேண்டிலுக்கு மேலே நின்ற டியூபைக் காட்டி, "சரி, இனிமே அது வேண்டாமே. நீட்டிட்டிருக்கறதை அறுத்துடுங்க" என்றேன்.

அரத்தைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வேணாம் சார். வயசாவும். பயம் ஒருநாள் திரும்பி வரும். வந்தா வளையத்தக் கீழ போட்டுக்கலாம். அறுத்துட்டா அதுக்கு எடம் இருக்காது."

போன வருஷம் ஓசூரில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அங்கேயும் ஒரு பட்டறை மூலையைப் பிடித்துவிட்டதாகக் கேள்வி. என் வண்டியில் எட்டு வளையமும் இன்றுவரை மேலேதான் இருக்கிறது. இங்கே அதைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும் என்கிறார்கள், தெருவுக்கு ஒரு மெக்கானிக்கும் இருக்கிறார். ஆனாலும் அப்படி ஒருநாள் வந்தால் நான் வண்டியோடு ஓசூருக்குத்தான் பஸ் ஏறுவேன். என் பயத்தை வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனசில்லை.