பாண் நானாவும் தண்ணி மாத்திரையும்

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் துடிக்கிற இதயங்களில் பாதி, பாண் நானாவுக்குப் பயந்துதான் துடிக்கின்றன. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

காலையில் முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் என்று ரொட்டி வகைகளை விற்க வருகிற முஸ்லிம் பெரியவர் அவர். ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த பிறகு அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. கிளினிக் மாத்திரை எடுக்கிறவர்கள் அவர் கண்முன்னே விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் பாண். காசை நீட்டினாலும் கிடையாது. கடைக்குப் போக மலை இறங்கவேண்டும் என்பதால் எதிர்த்துப் பேச ஆளில்லை.

ஒரு காலத்தில் தோட்டத்தையே அதட்டி ஆண்ட பழைய கங்காணி, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெறும் நாக்கைக் காட்டினார். நானா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“முருகன் பாட்டு ஒண்ணு பாடுங்க கங்காணி.”

“ஒங்களுக்கு எதுக்கு நானா முருகன் பாட்டு?”

“காதுக்கு நல்லாருக்கும். பாடுங்க.”

இரண்டாவது அடியில் மாத்திரை பணிஸ் தட்டில் வந்து விழுந்தது. யாரிடமும் மாத்திரை மிஞ்சாததால், சீனி கேட்பதுபோல் பக்கத்து வீட்டுக் காம்பராவில் பிரஷர் மாத்திரை இரவல் கேட்கும் வழக்கமும் அன்றோடு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒழிந்தது. தோட்டத்துத் துரைமாருக்குக்கூட அப்படி ஒரு பணிவை நான் கண்டதில்லை.

அவரையே ஏய்த்தவள் என் அம்மா ஒருத்திதான். அவளுக்கு இதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை நானா முன்னால் விழுங்கிவிட்டு, நீர் இறக்கும் மாத்திரையை மட்டும், “சாப்புட்டுட்டுப் போடுறேன் நானா” என்று ஒதுக்கிவிடுவாள். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்கிற பொறுப்பில், மாத்திரை உறையில் ‘காலை’ என்று இருப்பதை நான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். “சரிப்பா” என்பாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. இவளை இழந்துவிடுவோமோ என்று பயந்து, உறையை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

ஒருநாள் நானா அவள் காலைப் பார்த்துவிட்டார். பாணை எடுத்த கை அப்படியே நின்றது.

“தண்ணி மாத்திர போடுறதில்லயா தங்கச்சி?”

“போட்டுட்டு மலையில எப்புடி நிக்கிறது? நீங்க ஆம்பள, எந்த மரத்துக்குப் பின்னாலயும் ஒதுங்குவீங்க. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க நாங்க எங்க போறது?”

நானா பாட்டை நிறுத்தினார். அந்த வண்டியை ஊமையாக நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“ஏறுங்க. தம்பி, நீயும் ஏறு.”

மற்ற லயங்கள் அன்று பாண் இல்லாமல் கிடந்தன. டாக்டர் முன்னால் நின்று, கிளினிக் முழுவதற்கும் கேட்கும்படி நானா சிங்களத்தில் முழங்கினார்: இவர் வேலை செய்யும் மலையில் கக்கூஸ் இல்லை, காலையில் இதைப் போட்டுவிட்டு எங்கே போவார்? அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸ் மிஸ்ஸி சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவைச் சோதித்துவிட்டு, வேலைவிட்டு வந்ததும் போடலாம் என்று நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

“என் மானத்த வாங்கிட்டீங்களே நானா,” என்றாள் அம்மா, திரும்பும் வழியில்.

“அத பொறகு தேடிக்கலாம் தங்கச்சி. மொதல்ல கால் வத்தட்டும்.”

கால் வற்றியது. அம்மா மறுபடியும் மலையேறுகிறாள். முன்பெல்லாம் காலையில் மட்டும் வந்த நானா இப்போது மாலையிலும் வருகிறார், பாண் எல்லாம் தீர்ந்த வெறும் வண்டியோடு. வேலைவிட்டு வந்த அம்மா, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“போட்டுக்க வேண்டியதுதானேம்மா?”

“இருப்பா. வெறும் வண்டிய இம்புட்டு மேட்டுல ஏத்திக்கிட்டு வர்ற மனுசன். வந்து பாக்கட்டும்.”