சம்பந்தியின் சைக்கிள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் மாமியார் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமனாரின் நலத்தை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, ஓட்டப்பந்தயத்துல ஒரே ஒருத்தர்தான் ஓடுறாருன்னா, அவரு ஃபர்ஸ்ட்டா, லாஸ்ட்டா?" நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "போய் வாய்ப்பாடு படி" என்று விரட்டிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். தெரிந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் ட்ரையத்லானில் விழுந்தது உனக்குத் தெரியும். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். பெரிய சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டுமென்றால் ஏதாவதொரு தகுதிப் பந்தயத்தில் நம் வயதுப் பிரிவில் முதலாவதாக வர வேண்டும். பிரிவுக்கு ஓர் இடம்தான். முதலாமவர் வேண்டாமென்றால் அடுத்து முடித்தவருக்குப் போகும். வேகமாகப் போய் முதலில் வருவது ஒரு வழி. அது என் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. இன்னொரு வழி, ஆள் வராத பந்தயமாகப் பார்த்துச் சேர்வது. உதாரணத்துக்கு, வகுப்பில் ஒரே மாணவன் பரீட்சை எழுதினால், தட்டுத் தடுமாறித் தேறினாலும் அவன்தானே முதல் மாணவன்? வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில், ரயில் நிற்காத ஓர் ஊரில், ஏரியில் நடக்கும் பந்தயம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். எழுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. முடித்தால் போதும், முதலிடம்.

இதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? உங்கள் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் உன் மாமனாருக்கு முழுப் பாடமே எடுத்தேன். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்தவர்களோடே வாழ்க்கையைக் கழித்தவர். தான் திறக்க மாட்டார். தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில், "சைக்கிள் எந்தக் கடையில வாங்கினீங்க சம்பந்தி?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடை, மாடல், நிறம் எல்லாம் சொன்னேன்.

பந்தயத்தன்று காலை ஏரிக்கரையில், ரப்பர் தொப்பி போட்ட ஒரு தொப்பை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "வணக்கம் சம்பந்தி. நீங்க சொன்ன ஐடியா பிரமாதம். கூட்டமே இல்ல பாருங்க" என்றது. எனக்கு அப்போதே பாதி ஏரி உள்ளே போய்விட்டது.

ஒரே பிரிவு என்பதால் எங்கள் சைக்கிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஒரே கடை, ஒரே நீலம். நான் அவருக்கு முன்னால் கரையேறிவிட்டேன். கிட்டத்தில் இருப்பதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும்; அதை சைக்கிளில் தொங்கவிட்ட தலைக்கவசத்துக்குள் வைத்திருந்தேன். கையை விட்டால் இல்லை. உன் அம்மா எடுத்திருப்பாள் என்று அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு, தலைக்கவசத்தை மாட்டினேன். இறுக்கிப் பிடித்தது. தண்ணீரில் ஊறினால் தலை வீங்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது வகுப்புப் பிள்ளைகூட அப்படி நினைக்காது. ஏறி மிதித்தேன்.

இனிமேல் எழுதுவதை உன் மாமனாரிடம் சொல்லாதே. பாதி தூரம் போனதும் தாகம். பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிச்சேன். கிராம்பு! நெஞ்சு வரைக்கும் கிராம்பு வாசனை. கிராம்பு போட்டுக் காய்ச்சின தண்ணியை யார் வீட்டுல குடிப்பாங்க? பல் டாக்டர் வீட்டுலதானே குடிப்பாங்க. புரிஞ்சுபோச்சும்மா. இறங்கித் திரும்பியிருக்கணும். எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மை பாடம் நடத்தினவன் நான்! ஆனா மனசு என்ன கணக்குப் போட்டுச்சு தெரியுமா? திரும்பினாலும் இதே ரோடு, போனாலும் இதே ரோடு, எப்படியும் சைக்கிள் அவர்கிட்டதானே போகப்போகுது, போற வழியில பந்தயத்தையும் முடிச்சுட்டுப் போவோமேன்னு... அதோட நிக்கலை. இன்னும் வேகமா மிதிச்சேன். மிதிச்ச தாகத்துக்கு மிச்சத் தண்ணியையும் குடிச்சேன்.

திரும்பி வந்து பார்த்தால், மனுஷர் நீச்சல் உடையோடு என் சைக்கிளுக்குக் காவல் நின்றுகொண்டிருக்கிறார். வெயிலில் தோள் சிவந்துவிட்டது. கையில் என் கண்ணாடி. "இந்தாங்க சம்பந்தி. இது இல்லாம ரோட்டுல என்ன பண்றீங்களோன்னு பயந்துட்டேன்." "என் சைக்கிளை எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றேன். "உங்களைக் கேக்காம எப்படி எடுக்கிறது?" என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "நில்லாதீங்க, ஓட்டம் பாக்கி இருக்கு" என்று என்னை அனுப்பிவிட்டு, தன் சைக்கிளில் ஏறி அப்போதுதான் கிளம்பினார்.

நான் முதலிடம். மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். உன் மாமனார் பந்தல் துணியைச் சுருட்டும் நேரத்தில் ஓடி வந்து இரண்டாவதாக முடித்தார். நடுவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு வரி புகார் எழுதிக் குடுங்க, உங்களை நீக்கிடறோம்னு உங்க சம்பந்திகிட்ட சொன்னோம் சார். 'என் எழுத்து மருந்துக் கடைக்காரருக்கே புரியாது, விடுங்க'ன்னுட்டார்."

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா பதக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பொண்ணைக் குடுத்த வீட்டுல சைக்கிளையும் தூக்கிட்டு வந்த மனுஷன்னு ஊர்ல பேர் வாங்கியாச்சு. போய்த் தலையைத் துவட்டுங்க" என்றாள்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். சாம்பியன்ஷிப் இடம் எனக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அது அவருக்கு. என் சைக்கிளை விற்றுவிடுவேன். இந்த ஜென்மத்தில் மறுபடி தண்ணீரில் இறங்க மாட்டேன். அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை. நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் ஓடினால் அவர் முதலா, கடைசியா என்று கேட்டாயே? கடைசிதான் அம்மா. மேடையில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். பெரியவர்களுக்கு, தலை குனிந்தபடியே, என் வணக்கம்.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் மாமனார் போன் செய்தார். இடம் அவருக்கு வந்த செய்தி கிடைத்ததாம், வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "விட்டுக் குடுத்து வாங்கினா எனக்கு ருசிக்காது சம்பந்தி. மலைப் பக்கம் இன்னொரு பந்தயம் இருக்கு, நம்ம பிரிவுல ஒருத்தரும் சேரலை. ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்" என்றார். நான், தெரியாமல் நடந்த தப்பு என்று ஆரம்பித்தேன். "பாட்டில் காலியா இருந்துச்சே சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

எனவே மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளை விற்கவில்லை. கண்ணாடி இல்லாமலே என் சைக்கிளை அடையாளம் காணத் தினமும் பயிற்சி செய்கிறேன். நீயும் செய்து பார்: குளித்த ஈரத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் கிடக்கும் செருப்புகளில் உன் ஜோடியைக் காலாலேயே தேடிப் போட்டுக்கொள்.