காஜா அக்கா மூன்றாம் முறை எழுந்த படலம்

வாழ்க காஜா அக்கா. நாற்பது தையல் மெஷின்கள் ஒருங்கே முழங்கும் பெருங்கூடத்தின் நடுவண் வீற்றிருந்து, நாளொன்றுக்கு மூவாயிரம் காஜா, அதாவது பொத்தான்துளை, போடும் பிழையறியா விரலாள். ஊசி ஒடிந்தாலும் உளம் ஒடியாதவள். பத்தொன்பது ஆண்டுகளாக, வேலைக்கு வந்து வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீரும் பருகாத கடுந்தவத்தினள். அத்தவத்தை மெச்சி வரம் தர எந்தத் தெய்வமும் வரவில்லை. சிறுநீர்த்தொற்றுதான் வந்தது, ஓராண்டில் நான்கு முறை.

தவத்துக்குக் காரணம் ஓர் ஆணி. சூப்பர்வைசரின் மேசைக்குப் பின்னே சுவரில் அறையப்பட்ட அவ்வாணியில் உள்ளங்கை அகலப் பலகைத் துண்டொன்று தொங்கியது. அதன் பெயர் பாஸ். அதனைக் கையில் ஏந்தாதார் கழிப்பறை வாயிலை மிதித்தலாகாது. கூடம் முழுமைக்கும் அது ஒன்றே. ஒருவருக்கு ஷிப்டுக்கு இருமுறையே. நாற்பது பேரும் நாவறண்டு நியதி காத்தனர்.

இந்நிலையில்தான் மருத்துவர் என்னும் படைத்தலைவி புதுப் போர்முறை வகுத்தார். எரிச்சல் என்றதுமே பழைய மாத்திரையை ஏவும் காலம் போயிற்று என்றார். சிறுநீரைக் கல்ச்சர் என்னும் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, பகைவன் எவன், எந்த அம்புக்கு அஞ்சுவான் என ஒற்றறிந்தார். இரண்டு அம்புகளுக்கு அவன் அஞ்சவில்லை. அன்றியும், தோற்றோடுவதுபோல் நடித்து, சிறுநீர்ப்பையின் சுவருக்குள்ளேயே பாசறையிட்டுப் பதுங்கி, மாதம் கழித்து மீண்டெழும் அவ்வஞ்சகத்தை அறிஞர்கள் அண்மைக்காலத்தில்தான் தெளிந்தார்களாம். ஆகவே சீட்டில் ஐந்து நாள் மாத்திரைக்குக் கீழே, ‘வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதல் தண்ணீர், அடக்கக் கூடாது’ என்றெழுதி, இரட்டை அடிக்கோடும் இட்டார்.

“இனி ஒரு தடவ வந்து கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்மா” என்பது அவர் முழங்கிய எச்சரிக்கை.

மறுநாள் காலை பதினொன்றரைக்குள் காஜா அக்கா ஒரு லிட்டரை உட்கொண்டு, இருமுறை பாஸ் ஏந்திச் சென்று மீண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு அணை மூன்றாம் முறை நிரம்பியது. கார்முகில் திரண்டாற்போலும், மதகுக் கதவு அதிர்ந்தாற்போலும் அடிவயிறு ஆர்ப்பரிக்க, கால்மேல் கால் போட்டு முப்பது துளை பொறுத்தாள். முப்பத்தொன்றாவது கோணிற்று. பத்தொன்பது ஆண்டில் முதல் கோணல். எழுந்தாள்.

நோட்டாகிய கேடயமும் நீலப் பேனாவாகிய வேலும் தாங்கி ஆணியைக் காத்திருந்த சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.

“ரெண்டு தடவ ஆயிடுச்சேக்கா. கெணத்தையே குடிச்சிட்டு வந்தீங்களா?”

“டாக்டர் குடிக்கச் சொன்னாங்க தம்பி.”

“ரூல்னா ரூல்தான்.”

காலர் வைப்பவள் தன் மெஷினைப் பார்த்துச் சொன்னாள்: “பாஸு என்னமோ அவரு பாட்டன் சொத்து மாதிரி.”

அப்போது காஜா அக்கா பிரகடனம் செய்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

“எனக்கு மூத்திரத்துல கிருமி. இது நாலாவது தடவ. ரெண்டு மருந்து கேக்கல. தண்ணியும் மருந்துதான்னுட்டாங்க. குடிச்ச மருந்து வெளிய போகணுமா வேணாமா? நீங்களே படிங்க.”

சீட்டு நோட்டின்மேல் விழுந்தது. படித்தவரின் கண் அடிக்கோட்டில் நின்றது. அதே கையெழுத்தில், அதே இரட்டைக் கோட்டோடு ஒரு சீட்டு அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு மாதமாக ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, தண்ணி குடின்னா ஏன் குடிக்க மாட்டேங்கற என்று மனைவியை அவர் அன்றாடம் கடிந்துவந்தார். அவளும் தைக்கிறவள்தான், வேறு கம்பெனியில். வெல்லற்கரிய அவ்வீரர் திரும்பி, தாமே காத்த ஆணியை முதன்முறை காண்பவர்போல் நோக்கினார்.

“எல்லாக் கம்பெனியிலயும் இது இருக்குமாக்கா?” என்றார், மெல்ல.

“இல்லாத எடம் ஏது தம்பி.”

அவர் நோட்டை மூடினார். “பாஸ் வேணாம். போங்க.”

அக்கணமே, காலர் வைப்பவள் நாற்காலியை இழுத்து வழிவிட, சட்டைக்குக் கை வைப்பவள் துணிக்கட்டைக் காலால் ஒதுக்க, முரசின்றி, கொடியின்றி, பலகைத் துண்டுமின்றி, வெறுங்கையளாய், ஓடினால் ஆபத்து நின்றால் பேராபத்து என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணிய நடையில், அறுபதடி நீண்ட அவ்வழியை நாற்பது பேர் பார்த்திருக்கத் தலைநிமிர்ந்து கடந்து, காஜா அக்கா என்னும் அப்பெருந்தகையாள்

போய்விட்டு வந்தாள்.