பதினைந்து நாள் தூசிச் சோதனை

உலகத்தில் எதையும் நம்பாத ஒரு மனிதர் ஓர் இரும்புப் பெட்டியை நம்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தண்ணீர்க் குழாயைத் திறப்பது, மூடுவது, திறப்பது, மூடுவது, கடைசியில் "இது சொட்டும்" என்று தள்ளிவைப்பது. இருபது வருடமாக இதுதான் வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் இது எங்கே ஒழுகும் என்ற யோசனைதான் அவருக்கு முதலில் வரும். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட எதற்காகச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார். தொழிற்சாலையில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். நாம் வயதுக்கு மரியாதை கொடுத்துச் சல்லடையார் என்று வைத்துக்கொள்வோம்.

சல்லடையாருக்கு ஓர் ஆசை இருந்தது. பாகம் பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவிட வேண்டும். போர்டு வந்துவிட்டது. பிராசஸர் வந்துவிட்டது. இரண்டும் துணி அலமாரியில் அவருடைய பனியன்களுக்கு நடுவே பத்திரமாகப் படுத்திருந்தன. அவை குடியேற ஒரு நல்ல கேபினட்தான் பாக்கி.

அதைக் கடையில் பார்த்த அன்றைக்கே மனதைப் பறிகொடுத்துவிட்டார். நடுத்தர உயரம், கறுப்பு நிறம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. முன்பக்கம் சன்னமான கம்பி வலை. வயர்களையெல்லாம் ஒளித்துவைக்க முதுகுப் பக்கம் தனியாக ஒரு சந்து. மேலும் கீழும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் தூசி வடிகட்டி. திருகாணிகளை விரலாலேயே கழற்றலாம். அவர் ஏழு தடவை கழற்றி ஏழு தடவை மாட்டினார். எட்டாவது தடவை கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

"சார், வீட்டுக்குக் கொண்டுபோய் பதினைஞ்சு நாள் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா ஒரு கீறல் இல்லாம திருப்பிக் கொண்டாங்க. வாங்கிக்கிறேன்."

தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் மனைவி ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறவர். பகலெல்லாம் பழைய புத்தகங்களின் தூசி, சாயங்காலம் வந்தால் வீட்டுத் தூசி. விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் வரிசையாக ஆறு தும்மல் போடுவார். அன்றைக்கும் ஆறாவது தும்மலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பெட்டி உள்ளே வந்தது.

"என்னங்க இது, மீன் தொட்டியா?"

"கேபினட். கம்ப்யூட்டருக்கு."

"நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே?"

"அது கேபினட் இல்ல, குப்பைத் தொட்டி. பத்து நிமிஷம் ஓடினா சூடாகி அணைஞ்சுடுது. எதனால? உள்ள அடைச்சுக் கிடக்கிற தூசியால. இதுல தூசி நுழையவே முடியாது."

"அந்தத் தூசி எங்கேர்ந்து வருது?"

"வீடுன்னா தூசி இருக்கத்தான் செய்யும். அது இயற்கை."

"அந்த இயற்கையைத்தான் தினமும் நான் கூட்டிக்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது நீங்க கூட்டுங்கன்னா கேக்கறீங்களா?"

"பேச்சை மாத்தாத. கேபினட் வேணுமா வேண்டாமா?"

சண்டை வரும் என்று வழியெல்லாம் ஒன்பது வாதங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். முதல் வாதத்துக்கு வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டார்.

"நிரூபிங்க, வச்சுக்கலாம்."

சல்லடையாருக்கு மூக்கில் வியர்த்தது. இவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லையே? கல்யாணத்துக்கே மூன்று மாதம் யோசித்தவளாயிற்றே?

உடனே ஒரு தாளை எடுத்து நிபந்தனைகளை எழுதினார். பழைய கேபினட்டும் புதிய கேபினட்டும் ஒரே மேஜையில், ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். முதல் நாளே இரண்டையும் ஊதித் துடைத்துச் சுத்தமாக்கிவிட வேண்டும். இரண்டின் விசிறிகளும் பகலெல்லாம் ஓட வேண்டும். பதினைந்தாம் நாள் திறந்து பார்க்கும்போது பழையதில் தூசி இருந்து புதியதில் இல்லாவிட்டால், புதியது வீட்டில் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், புதியது கடைக்குப் போகும். தீர்ப்புச் சொல்ல எதிர்வீட்டுப் பல் டாக்டர்.

பல் டாக்டரைப் பற்றியும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தப் பெண் இவரைச் 'சார்' என்கிறாள், மனைவியை மட்டும் 'அக்கா' என்கிறாள். ஆனால் சந்து பொந்தெல்லாம் நுழைகிற குட்டிக் கண்ணாடி அந்தத் தெருவில் அவளிடம்தான் இருந்தது. வேறு வழியில்லை.

மனைவி தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதுவும் சந்தேகம்தான்.

சல்லடையார் இரண்டு கேபினட்டையும் ஊதி, துடைத்து, மூடினார். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கக் கதவுகளின் குறுக்கேயும் ஒவ்வொரு நூலை ஒட்டி அதன்மேல் தாள் ஒட்டி அதில் தன் கையெழுத்தையும் போட்டார். யாராவது தொட்டால் நூல் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். கடையிலிருந்தே ஒரு பழைய பவர் சப்ளையை வாங்கி வந்து புதியதின் விசிறிகளையும் ஓடவிட்டார். பிறகு ஒரு நோட்டை எடுத்து 'நாள் 1' என்று எழுதினார். அவருக்கு ஒரே ஒரு பயம்தான். கதவைத் தொடாமலே புதியதற்குள் தூசியை அனுப்ப வழி இருக்கிறது. விளக்குமாறு யார் கையில் இருக்கிறதோ, தூசியின் கடிவாளமும் அவர் கையில்தான்.

இரண்டாம் நாள் அந்தப் பயம் பலித்தது. மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். மேஜைப் பக்கம் வந்ததும் விளக்குமாறு கொஞ்சம் வேகமாக வீசின மாதிரி அவருக்குத் தோன்றியது. அதுவும் புதிய கேபினட்டைப் பார்த்து.

"நில்லு! என்ன அந்தப் பக்கம் மட்டும் அப்படி விசிர்றே?"

"எந்தப் பக்கம்?"

"கொடு இங்க. பதினைஞ்சு நாளைக்கு நானே கூட்டிக்கிறேன்."

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று சொல்லி முடிப்பதற்குள் விளக்குமாறு அவர் கைக்கு வந்துவிட்டது. நோட்டில் எழுதினார்: 'நாள் 2. விளக்குமாற்றைக் கைப்பற்றினேன். எதிர்ப்பு இல்லை. ஏன்?'

கூட்டுவது என்றால் அவர் கூட்டுவது நம்மைப் போல அல்ல. தரப் பரிசோதகர் கூட்டுகிறார். கட்டிலை நகர்த்தினார், பீரோவை நகர்த்தினார், மூலையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கேயாவது ஒரு பொட்டுத் தூசி தங்கிவிட்டால் மனைவி அதைத் திரட்டி வைத்துக்கொண்டு சமயம் பார்த்துத் தூவிவிடுவாளோ என்ற கவலை அவரைப் பிடுங்கித் தின்றது.

நான்காம் நாள் மனைவி சோபாவில் சாய்ந்துகொண்டு மேலே பார்த்தார்.

"ஏங்க, ஃபேன் இறக்கைல எவ்வளவு கறுப்பு பாருங்க. வேகமா வச்சா அப்படியே பறந்து எங்க போய் விழுமோ."

"எங்க விழும்?"

"எனக்கென்ன தெரியும்? மேஜைப் பக்கமாத்தான் காத்து அடிக்குது."

சல்லடையார் ஃபேனையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார். இது மிரட்டலேதான்! ஏணியைப் போட்டு ஏறி மூன்று ஃபேன்களையும் துடைத்தார். ஏறினது ஏறியாகிவிட்டது என்று ஒட்டடையும் அடித்தார். தலை முழுக்க ஒட்டடையோடு அவர் இறங்கியபோது மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். பாதியைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் செடி வாடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதியைக் குடித்தார்.

ஆறாம் நாள் கால்மிதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார் அம்மையார். சல்லடையார் பாய்ந்து பிடுங்கி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உதறிவிட்டு வந்தார். எட்டாம் நாள் நூலகத்திலிருந்து பன்னிரண்டு தடித்த புத்தகங்கள் அட்டை போட வந்தன. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வாசலிலேயே துடைத்துத்தான் உள்ளே விட்டார். பத்தாம் நாளுக்குள் திரைச்சீலைகளைத் துவைத்தாயிற்று, ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாயிற்று, தரையை இரண்டு வேளையும் ஈரத் துணியால் துடைத்தாயிற்று.

"காலைத் தூக்கு."

மனைவி பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே காலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். நீ தும்மி எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம் இருக்கும். ஏன்?"

"ஏன் தும்மல?"

"வரலைங்க."

"ஏன் வரல?"

"தும்மினாலும் குத்தம், தும்மலன்னாலும் குத்தமா? அந்தக் காலையும் தூக்கணுமா?"

'நாள் 10. தும்முவதில்லை. அடிக்கடி சிரிக்கிறாள். பின்னால் ஏதோ திட்டம் இருக்கிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டார். முதுகு ஒடிகிற மாதிரி வலித்தது. ஆனால் மேஜைக்குப் போய்க் கண்ணாடி வழியாக அந்தக் கறுப்பு வீட்டின் உள்ளே பார்த்ததும் வலி பறந்துவிட்டது. போர்டு இங்கே, வயர் அந்தச் சந்தில், பிராசஸர் நடுவில். ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டிப் பார்க்கிற மாதிரி அவருக்கு மனம் நிறைந்தது. இன்னும் ஐந்தே நாள்.

பதினைந்தாம் நாள் காலையில் பல் டாக்டர் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் தயங்கி நின்றாள்.

"சார், உள்ள வரலாமா? தரை எங்க கிளினிக்கைவிடச் சுத்தமா இருக்கே."

"காலைத் துடைச்சுட்டு வாங்கம்மா. அக்காகிட்ட ரகசியம் எதுவும் பேசக் கூடாது."

டாக்டர் கையுறை மாட்டினாள். நெற்றியில் விளக்கைக் கட்டினாள். சல்லடையார் நூல்களைப் பூதக்கண்ணாடியில் சோதித்தார். நான்கும் அறுபடவில்லை, நான்கு கையெழுத்தும் அவருடையதுதான். புதிய கேபினட்டைத் திறந்தார்.

"நல்லா ஆ காட்டுங்க" என்றாள் டாக்டர், பழக்கதோஷத்தில். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். வடிகட்டி, விசிறி, சந்து, மூலை. வெள்ளைப் பஞ்சால் துடைத்து வெளியே எடுத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"துளி அழுக்கு இல்ல சார்."

"பாத்தியா!" சல்லடையாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! நான் என்ன சொன்னேன்? ஜெயிச்சாச்சு!"

"இன்னொண்ணு இருக்கே" என்றார் மனைவி.

"அதையும் பாருங்கம்மா. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

டாக்டர் பழைய கேபினட்டைத் திறந்தாள். கண்ணாடியை விட்டாள். பஞ்சை விட்டாள். எடுத்தாள்.

வெள்ளை.

"இன்னும் உள்ள போங்க. கடைவாய்ப் பக்கம்."

வெள்ளை.

"அந்த விசிறிக்குப் பின்னால? ஈறுக்கு அடியில?"

"சார், இது சொத்தையே இல்லாத வாய். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

சல்லடையார் பஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பினார். "நீ பழசைத் தொடச்சுட்டே!"

"நூல் அறுந்திருக்கா?"

இல்லை. அவரே பூதக்கண்ணாடியில் பார்த்தாரே. நோட்டைப் புரட்டினார். பழைய கம்ப்யூட்டர் அணைந்தால் குறித்துவைக்க ஒரு பத்தி போட்டிருந்தார். பதினைந்து நாளும் அந்தப் பத்தி காலியாகவே கிடந்தது. ஒரு தடவைகூட அணையவில்லை. மனைவியைக் கண்காணிக்கிற மும்முரத்தில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புதியதற்குள் ஒரு பொட்டுத் தூசி போய்விடக் கூடாது என்று வீட்டில் இருந்த தூசியையெல்லாம் அவரே தேடித் தேடி ஒழித்துவிட்டார். பழையது தின்னத் தூசியே மிச்சமில்லை. நோட்டு நிறைய மனைவியின் குற்றங்களை எழுதியிருந்தார். சோதனையைக் கெடுத்த கை தன்னுடையது என்று எங்கேயும் எழுதவில்லை.

"முடிவையும் எழுதிடுங்க" என்றார் மனைவி, பேனாவை நீட்டி.

எழுதாமல் கம்பி நீட்டிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். ஆனால் இருபது வருடத்தில் சொட்டுகிற குழாயைச் சொட்டாது என்று அவர் ஒரு தடவைகூட எழுதியதில்லை. நெஞ்சு கனக்க எழுதினார். 'இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. காரணம்: வீடு தினமும் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டது. பழைய கேபினட் நன்றாக ஓடுகிறது. இதே சுத்தம் தொடர வேண்டும்.'

"யார் தொடரணும்னு போடலையே?" என்றாள் டாக்டர்.

"கையெழுத்து யாரோடதோ அவர்தான்" என்றார் மனைவி. "கீறல் படாமக் கட்டுங்க, கடைக்காரர் காத்துக்கிட்டிருப்பார். உங்க போர்டும் பிராசஸரும் பழசுக்குள்ளேயே உட்காருமாம், கேட்டு வச்சிருக்கேன்."

சல்லடையார் அந்தக் கண்ணாடிக் கதவைக் கடைசியாக ஒரு தடவை தடவிக்கொடுத்தார். திருகாணிகளை விரலாலேயே முடுக்கினார். கண் லேசாகக் கலங்கியது. பெட்டியை நாடாவால் சுற்றிக் கட்டும்போதும் அவருக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. இந்தப் பதினைஞ்சு நாள்ல புதுசுக்குள்ள தூசி போடணும்னு நீ ஒரு தடவைகூட நினைக்கலையா?"

"சேச்சே! நீங்க கூட்டற வீட்ல தூசிக்கு நான் எங்கங்க போவேன்?"